தாத்தா பேரைப் பார்க்க மாசச் சந்தாவா?

2022 ஜனவரி 6. இங்கிலாந்துல வம்சாவளி தேடுற ஜனங்க வருஷக்கணக்கா நாள் குறிச்சு வச்சிருந்த தேதி இது. அந்த நாட்டுல 1921-ல எடுத்த மக்கள்தொகைக் கணக்கு நூறு வருஷம் பூட்டுக்குள்ள இருந்துட்டு அன்னைக்குத்தான் வெளியில வந்துச்சு.

கொள்ளுத்தாத்தா தன் கையால நிரப்பின படிவம். வீட்டுல யார் யார் இருந்தாங்க, யாருக்கு எத்தனை வயசு, யார் எங்க பிறந்தாங்கன்னு எல்லாம் அதுல இருக்கு. அந்த வருஷம் புதுசா இன்னொரு கேள்வியும் கேட்டாங்க. எந்த முதலாளிகிட்ட வேலை, அந்த இடம் எங்க இருக்கு? பேரனுக்கும் பேத்திக்கும் இதைவிட என்ன வேணும்?

ஆசையா திறந்தா, வாசல்லயே கல்லாப்பெட்டி.

விவரத்தைத் தட்டச்சு பண்ணி வச்சிருக்கிறதைப் பார்க்க 2.50 பவுண்டு. அசல் தாளோட படத்தைப் பார்க்க 3.50 பவுண்டு. அப்ப ஒரு வீட்டுக்கான ரேட் இது. கொள்ளுத்தாத்தா ஒரு வீட்டுல, அவர் தம்பி அடுத்த ஊருல, கொள்ளுப்பாட்டியோட அப்பா இன்னொரு ஊருலன்னா ஒவ்வொண்ணுக்கும் தனித்தனியா எடுத்து வைக்கணும். கணக்கை வெளியிட்ட ஃபைண்ட்மைபாஸ்ட் கம்பெனிக்கு ஏற்கனவே வருஷச் சந்தா கட்டிக்கிட்டிருந்தவங்களும் தப்பிக்கல. அவங்களும் ஆரம்பத்துல தனியாத்தான் கட்டணும்னு ஆச்சு. (அப்புறமா மேல்மட்டச் சந்தாவோட சேர்த்துட்டாங்க.)

சண்டை வராம இருக்குமா? அரசாங்கம் எடுத்த கணக்கு, எங்க வீட்டுக் கிழவர் எழுதின தாள், அதைப் பார்க்க எங்ககிட்டயே காசான்னு கேட்டாங்க. நியாயமான கேள்விதான். மறுபக்கமும் கொஞ்சம் நியாயம் இருக்கு. அந்தக் கணக்கு மூட்டை மூட்டையா காகிதம். கட்டின தொகுதிகள் மட்டும் 30,000-க்கு மேல. கிட்டத்தட்ட 38 மில்லியன், அதாவது 3.8 கோடி பேரோட விவரம். கிழிஞ்ச தாளை ஒட்டி, அழுக்கைத் துடைச்சு, ஒவ்வொரு பக்கமா ஸ்கேன் பண்ணி, பேரையெல்லாம் தேடுற மாதிரி ஏத்தவே வருஷக்கணக்கா ஆச்சு. அந்தச் செலவை பிரிட்டன் அரசாங்கம் தன் தலையில போட்டுக்கல, கம்பெனி தலையில வச்சுது. கம்பெனி அதை வாடிக்கையாளர் தலையில வச்சுது.

ஆனா இது ஒண்ணும் தவிர்க்க முடியாத விதி இல்லை. அதே 2022-ல, ஏப்ரல் 1 அன்னைக்கு, அமெரிக்கா தன் 1950 கணக்கை வெளியிட்டுச்சு. அங்க பூட்டு 72 வருஷம். தேசிய ஆவணக் காப்பகத்தோட தளத்துல ஒரு சென்ட் கூட இல்லாம யார் வேணும்னாலும் பார்க்கலாம்னு விட்டுட்டாங்க. கையெழுத்தைக் கம்ப்யூட்டரை விட்டே படிக்க வச்சாங்க. அது சில பேரைக் கன்னாபின்னான்னு படிச்சுது, பொதுமக்கள் உள்ள பூந்து திருத்தினாங்க. அயர்லாந்து தன் 1901, 1911 கணக்கு ரெண்டையும் எப்பவோ இலவசமாப் போட்டாச்சு. ஸ்காட்லாந்துக்குத் தனி வழி. ஸ்காட்லாண்ட்ஸ்பீப்பிள்ங்கிற அரசாங்கத் தளத்துல சந்தாவே கிடையாது. புள்ளி வாங்கணும், ஒரு புள்ளி 25 பென்ஸ், பெரும்பாலான படங்களுக்கு ஆறு புள்ளி. ஒண்ணரை பவுண்டுக்கு ஒரு தாள்னு ரேட் எழுதிப் போட்ட மாதிரி வெளிப்படையா இருக்கு. பார்த்ததுக்கு மட்டும் காசு, பார்க்காத மாசத்துக்கு இல்லை. நாலு வழியில இதுதான் நேர்மையானதுன்னு தோணுது.

காசு கேட்கிற மத்த இடத்துலயெல்லாம் சந்தா. அதுலதான் குழப்பமே.

இந்தச் சந்தாக் கடையில பெரிய கடை ஆன்செஸ்ட்ரி. அமெரிக்காவுல யூட்டா மாநிலத்துல, 1983-ல ஒரு சின்னப் பதிப்பகமா இந்தப் பேர் ஆரம்பிச்சுது. 1996-ல இணையத்துக்கு வந்துச்சு. 2020-ல பிளாக்ஸ்டோன்ங்கிற முதலீட்டு நிறுவனம் இதை 470 கோடி டாலருக்கு வாங்கினப்பத்தான், செத்துப்போன தாத்தாக்களை வச்சு இவ்வளவு பெரிய வியாபாரம் நடக்குதான்னு வெளியில இருந்தவங்க மூக்கு மேல விரல் வச்சாங்க. அடுத்து இஸ்ரேல்ல 2003-ல ஆரம்பிச்ச மைஹெரிட்டேஜ். பிரிட்டன்ல ஃபைண்ட்மைபாஸ்ட்.

மூணு கடையிலயும் வாசல் ஒரே மாதிரிதான் இருக்கும். "உங்க குடும்ப மரத்தை இலவசமா வரையுங்க." சரின்னு உள்ள போய் அப்பா பேர், தாத்தா பேர் போட்டா, ஓரத்துல ஒரு பச்சை இலை ஆடும். (ஆன்செஸ்ட்ரியில நிஜமாவே இலைதான்.) உங்க தாத்தாவைப் பத்தி எங்ககிட்ட ஒரு ஆவணம் இருக்குன்னு அர்த்தம். அமுக்கினா, முதல்ல சந்தா கட்டுங்கன்னு வரும். கொஞ்ச நாள் சும்மா பார்த்துக்கலாம், ஆனா கார்டு நம்பரை இப்பவே கொடுத்துடணும். அந்தக் கெடு முடியுறதை நீங்க மறந்தாலும் அவங்க மறக்க மாட்டாங்க.

மைஹெரிட்டேஜ்ல இலவச மரத்துக்கு 250 பேர்தான் எல்லை. கேட்கிறப்ப தாராளமாத்தான் இருக்கும். அத்தை, சித்தப்பா, அவங்க பிள்ளைங்க, அந்தப் பிள்ளைங்களுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவங்கன்னு போட ஆரம்பிச்சா ரெண்டு ஞாயித்துக்கிழமையில நிரம்பிடும்.

இப்ப விஷயத்துக்கு வரலாம். சந்தா கட்டினா கையில கிடைக்கிறது என்ன? மரம் இல்லை. மரம் வரைய ஒரு நோட்டும் பென்சிலும் போதும். அவங்க விக்கிறது, ஆவணங்களோட ஸ்கேன் படமும், அதுல இருக்கிற பேர்களைத் தேடித் தர்ற அட்டவணையும். அந்த ஆவணத்துல கணிசமானது பொதுச் சொத்து. அரசாங்கமோ சர்ச்சோ எழுதி வச்சது. அதனால சந்தா தகுமாங்கிற கேள்விக்குப் பதில் அந்தத் தளத்துல கிடைக்காது. உங்க குடும்பம் எந்த நாட்டுல, எந்தக் காலத்துல இருந்துச்சு, அங்க என்ன எழுதி வச்சாங்க, அது இன்னும் மிச்சம் இருக்கா, இருந்தா வேற எங்கயாவது சும்மா கிடைக்குதா? இதையெல்லாம் பார்த்த பிறகுதான் கார்டைக் கையில எடுக்கணும்.

இங்கிலாந்துல என்ன மிச்சம் இருக்குன்னு பார்த்தாலே பாதி முடிவு தெரிஞ்சுடும். 1841-ல இருந்து 1911 வரைக்கும் பத்து வருஷத்துக்கு ஒரு கணக்கு, அப்புறம் 1921. எல்லாமே இணையத்துல வந்தாச்சு. அடுத்தது 1931 தானே? அது இல்லை. 1942 டிசம்பர்ல மிடில்செக்ஸ்ல ஹேய்ஸ்ங்கிற இடத்துல கிடங்கு தீப்பிடிச்சு மொத்தமும் சாம்பலாயிடுச்சு. யுத்த காலமாச்சே, ஜெர்மன்காரன் போட்ட குண்டாக்கும்னு நினைக்கத் தோணும். குண்டு இல்லை, சாதாரணத் தீ. 1941-ல யுத்தம் காரணமா கணக்கே எடுக்கல. அடுத்தது 1951. அது திறக்கிறது 2052-ல.

அதாவது, கணக்குத் தாள்னு பார்த்தா இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் 2052 வரைக்கும் புதுசா ஒண்ணும் வரப்போறதில்லை. சர்ச் பதிவேடு, பட்டாளத்துப் பதிவேடுன்னு சின்னச் சின்னதா புதுசு வந்துக்கிட்டேதான் இருக்கும், இல்லைங்கல. ஆனா முக்கியமான சரக்கு இவ்வளவுதான். இருக்கிறது ஒரு அளவு, சந்தா மட்டும் மாசாமாசம் ஓடிக்கிட்டே இருக்கு. இந்தக் கோணத்துல பார்த்தவங்க வருஷக்கணக்கா சந்தாவை ஓடவிட மாட்டாங்க.

நடுவுல 1939-ல ஒரு அதிசயம் இருக்கு, அதைச் சொல்லியே ஆகணும். யுத்தம் ஆரம்பிச்ச அதே மாசம், செப்டம்பர் 29 அன்னைக்கு, நாடு முழுக்க ஒரு பதிவேடு எடுத்தாங்க. அடையாள அட்டை கொடுக்கவும் ரேஷனுக்கும் அது தேவைப்பட்டுச்சு. யுத்தம் முடிஞ்சதும் தூக்கிப் போடல. பின்னால வந்த அரசாங்க மருத்துவச் சேவை அதே நோட்டை எடுத்து 1991 வரைக்கும் பயன்படுத்துச்சு. அதனால கல்யாணம் ஆன பொண்ணுங்களோட பழைய குடும்பப் பேரை அடிச்சு, புதுப் பேரை வேற மையில மேல எழுதியிருப்பாங்க. 1939-ல சின்னப் பொண்ணா இருந்தவ 1950-ல யாரைக் கட்டிக்கிட்டாங்கிற விவரம் 1939 நோட்டுலயே கிடைக்கும். பிறந்த தேதியும் முழுசா இருக்கும். (கணக்குத் தாள்கள்ல வயசு மட்டும்தான், அதுலயும் பொம்பளைங்க வயசு பத்து வருஷத்துக்கு எட்டுதான் கூடும்.) ஒரே தொல்லை, நூறு வருஷத்துக்குள்ள பிறந்து, இறந்ததுக்கு ஆதாரம் காட்டப்படாதவங்க வரியெல்லாம் கறுப்புப் பட்டை போட்டு மறைச்சிருக்கும்.

2015-ல இது வந்தப்ப ஒரு வீட்டுக்கு 6.95 பவுண்டு வாங்கினாங்க. கொஞ்ச காலத்துல சந்தாவுக்குள்ள வந்துடுச்சு, அப்புறம் ஆன்செஸ்ட்ரியிலயும் வந்துடுச்சு. 1921 கணக்கும் இதே பாதையிலதான் போச்சு. முதல் நாள் அடிச்சுப் பிடிச்சு வாங்கினவங்க அதிகமாக் கொடுத்தாங்க, பொறுத்தவங்க கம்மியாக் கொடுத்தாங்க. செத்து நூறு வருஷம் ஆனவங்களைத் தேடுறதுல என்ன அவசரம் கிடக்கு?

சும்மா கிடைக்கிறது எவ்வளவுன்னு தெரியாமத்தான் நிறைய பேர் காசைக் கட்டுறாங்க. இங்கிலாந்துல பிறப்பு, கல்யாணம், இறப்பை அரசாங்கம் பதிய ஆரம்பிச்சது 1837 ஜூலை 1. அந்த அட்டவணையைத் தன்னார்வலர்கள் உக்காந்து தட்டச்சு பண்ணி 1998-ல இருந்து ஃப்ரீபிஎம்டிங்கிற தளத்துல ஏத்திக்கிட்டிருக்காங்க. காசு கிடையாது. இன்னும் நல்ல சேதி, பதிவுத் துறையோட சொந்தத் தளத்துலயும் பிறப்பு, இறப்பு அட்டவணையை இலவசமாத் தேடலாம், பயனர் கணக்கு மட்டும் தொடங்கினாப் போதும். அதுல ஒரு சூட்சுமம் இருக்கு. பழைய அச்சு அட்டவணையில குழந்தையோட அம்மா பிறந்த வீட்டுப் பேர் 1911-க்குப் பிறகுதான் வரும். பதிவுத் துறை புதுசாத் தயாரிச்ச அட்டவணையில 1837-ல இருந்தே இருக்கு. ஜான் ஸ்மித்னு ஒரே ஊர்ல பத்துப் பேர் பிறந்திருந்தா, அம்மா பேரை வச்சுத்தான் நம்ம ஜான் எவன்னு பிடிக்க முடியும். ஸ்மித்துகளைத் தேடி நொந்து போனவங்களுக்கு இதோட அருமை தெரியும்.

சந்தா கட்டினவங்க ரொம்பப் பேர் ஏமாறுற இடம் ஒண்ணு இருக்கு. சான்றிதழும் சந்தாவுக்குள்ள வந்துடும்னு நினைச்சுக்கிறாங்க. வராது. அட்டவணையில ஒரு வரி வரும், அவ்வளவுதான். முழுச் சான்றிதழ் வேணும்னா பதிவுத் துறைக்குத் தனியாக் கட்டணும். அச்சுப் பிரதிக்கு 12.50 பவுண்டு, பழைய பிறப்புகளோட டிஜிட்டல் படத்துக்கு 3 பவுண்டு. பல சமயம், பத்து வருஷச் சந்தா சொல்லாத விஷயத்தை ஒரு மூணு பவுண்டு படம் சொல்லிடும். அப்பா பேர் போடுற கட்டம் காலியா இருந்தா, அதுவும் ஒரு விஷயம்தானே?

இலவசத்துலயே பெரிய அண்ணன் ஃபேமிலிசர்ச். இதை நடத்துறது மார்மன் சர்ச். இறந்துபோன மூதாதையருக்கும் ஞானஸ்நானம் கொடுக்கலாம்ங்கிறது அவங்க நம்பிக்கை. கொடுக்கணும்னா பேர் தெரியணுமே! அதுக்காக 1894-லயே ஒரு சங்கம் வச்சு, 1938-ல இருந்து ஊர் ஊராப் போய் பதிவேடுகளை மைக்ரோஃபிலிம் எடுத்தாங்க. சால்ட் லேக் சிட்டி பக்கத்துல ஒரு கிரானைட் மலையைக் குடைஞ்சு, அதுக்குள்ள இருபத்துநாலு லட்சம் சுருளைப் பத்திரமா வச்சிருக்காங்க. அத்தனையையும் டிஜிட்டல் பண்ணி முடிச்சது 2021-ல. யூத இனப் படுகொலையில செத்தவங்க பேருக்கும் இந்த ஞானஸ்நானம் நடந்தது தெரிஞ்சப்ப யூத அமைப்புகள் கொதிச்செழுந்து, 1995-ல ஒரு ஒப்பந்தம் போட வேண்டியதாப் போச்சு. அவங்க நம்பிக்கையில உங்களுக்கு உடன்பாடு இருக்கோ இல்லையோ, அந்தத் தளத்துக்குக் காசு கிடையாது. சில படங்களை மட்டும் அவங்க மையத்துலயோ கூட்டு நூலகத்துலயோ போய்த்தான் பார்க்க முடியும், ஒப்பந்தம் அப்படி. 1881 இங்கிலாந்துக் கணக்கு முழுசும் தட்டச்சு பண்ணி அங்க சும்மாவே கிடைக்குது.

அப்புறம் நூலகம். பிரிட்டன்ல ஊர் நூலகங்கள் பலதுல ஆன்செஸ்ட்ரியோட நூலகப் பதிப்பு இருக்கு. உறுப்பினர் அட்டையைக் காட்டி உக்காந்து பார்க்கலாம். லண்டன் கியூவுல இருக்கிற தேசிய ஆவணக் காப்பகத்துக்கு நேர்ல போனா, இந்தப் பெரிய தளங்கள் அங்கிருக்கிற கம்ப்யூட்டர்ல இலவசம். அத்தனை சண்டைக்குக் காரணமான 1921 கணக்கையே முதல் நாள்ல இருந்து அங்கயும், மான்செஸ்டர் மத்திய நூலகத்துலயும், வேல்ஸ் தேசிய நூலகத்துலயும் சும்மா பார்க்க விட்டாங்க. ரயில் டிக்கெட் காசு எவ்வளவுன்னு கேக்காதீங்க. கார்ன்வால்ல இருந்து கியூவுக்குப் போற செலவுல வருஷச் சந்தாவே வந்துடும்னு புலம்புறவங்களும் இருக்காங்க, அதுவும் நியாயம்தான்.

அப்ப சந்தா வீணா? இல்லை. இவ்வளவு இலவசத்தையும் தோண்டி முடிச்சவங்களுக்கு ஒரு கட்டத்துல அது தேவைப்படும். 1851, 1861, 1871-னு ஒரே குடும்பத்தைக் கணக்குக்குக் கணக்கு பின்தொடரணும்னா, சர்ச் பதிவேட்டுல அசல் கையெழுத்தைப் பார்க்கணும்னா, முதல் உலக யுத்தத்துல போன பெரிய தாத்தாவோட பட்டாளத்துத் தாள் வேணும்னா, வீட்டுல இருந்தே நிமிஷத்துல எடுக்கிற வசதிக்குக் காசு கொடுக்கலாம். (அந்தப் பட்டாளத்துத் தாள்கள்ல பாதிக்கு மேல 1940-ல லண்டன்ல விழுந்த குண்டுல எரிஞ்சு போச்சு. இது நிஜமாவே ஜெர்மன் குண்டு.)

ஆனா எடுக்கிற விதம் ஒண்ணு இருக்கு. முன்னெல்லாம் மணிக்கணக்குல வாடகை சைக்கிள் எடுத்தவங்களுக்கு இது புரியும். சைக்கிளை எடுத்துட்டு எங்க போகலாம்னு யோசிச்சுக்கிட்டு நிக்க மாட்டாங்க, போற இடத்தை முடிவு பண்ணிட்டுத்தான் கடைக்கே வருவாங்க. விடை தெரியாத கேள்விகளை முதல்ல ஒரு தாள்ல எழுதி, இலவசத் தளத்துல தீர்றதையெல்லாம் அடிச்சுட்டு, மிச்சத்துக்கு மட்டும் ஒரு மாசமோ ரெண்டு மாசமோ சந்தா. கட்டின அன்னைக்கே ரத்து பண்ணிடணும். ரத்து பண்ணினாலும் காசு கட்டின நாள் வரைக்கும் ஓடும். அந்த நாளுக்குள்ள, கிடைச்ச ஒவ்வொரு படத்தையும் சொந்தக் கம்ப்யூட்டருக்கு இறக்கிடணும். ஏன்னா சந்தா முடிஞ்சா ஆன்செஸ்ட்ரியில மரம் அப்படியே நிக்கும், அதுல தொங்கவிட்ட ஆவணங்களைத் திறக்கப் போனாத்தான் பூட்டு தெரியும். மரத்தையும் கெட்காம் கோப்பா இறக்கிக்கலாம். 1984-ல மார்மன்காரங்க உருவாக்கின வடிவம் அது, பெரும்பாலான தளங்கள் ஏத்துக்கும்.

சந்தா தகுமான்னு பார்க்கிறப்ப கணக்குல எடுக்கக் கூடாதது ஒண்ணு உண்டு. மத்தவங்க போட்டு வச்ச மரங்கள். கோடிக்கணக்கா இருக்குன்னு விளம்பரத்துல பெருமையாச் சொல்லுவாங்க. ஒருத்தர் தப்பாப் போட்டதை நூறு பேர் இலையை அமுக்கி அமுக்கி நகல் எடுத்திருப்பாங்க. அம்மா பிறக்கிறதுக்கு முன்னாடியே பிறந்த பிள்ளை, செத்து நாலு வருஷம் கழிச்சு அப்பா ஆனவர், எல்லாரும் அங்க சுகமா வாழுறாங்க. நூறு மரம் ஒரே மாதிரி சொல்லுதுன்னா நூறு சாட்சின்னு அர்த்தம் இல்லை, ஒரே சாட்சியோட நூறு நகல். ராஜா வீட்டு வம்சம்னு யாராவது காட்டினாலும் பதற வேண்டாம். நடிகர் டேனி டயர் மூணாம் எட்வர்ட் ராஜாவோட வாரிசுன்னு 2016-ல பிபிசி நிகழ்ச்சியில காட்டினப்ப மனுஷன் வாயடைச்சுப் போனார். ஆனா மரபியல்காரங்க கணக்குப்படி, இங்கிலாந்துல பல தலைமுறையா இருக்கிற குடும்பங்கள்ல கிட்டத்தட்ட எல்லாருமே அந்த ராஜாவோட வாரிசுதான். ஆவணத்தோட நிரூபிக்க முடிஞ்சவங்கதான் குறைவு.

அசல் ஆவணமே பொய் சொல்லும்ங்கிறது வேற கதை. ஓட்டுரிமை கேட்டுப் போராடின பெண்கள், எங்களை மனுஷக் கணக்குல சேர்க்காத அரசாங்கத்துக்கு எங்க தலையை எண்ண மட்டும் என்ன உரிமைன்னு 1911 கணக்கையே புறக்கணிச்சாங்க. எமிலி வைல்டிங் டேவிசன் அந்த ஏப்ரல் 2-ஆம் தேதி ராத்திரி, பாராளுமன்றக் கட்டடத்துக்குள்ள ஒரு தேவாலயத்து அலமாரியில ஒளிஞ்சுக்கிட்டார். முகவரி கேட்டா பாராளுமன்றம்னு எழுதட்டும்னு திட்டம். கண்டுபிடிச்ச அதிகாரிகள் அங்கேயே அவரைக் கணக்குல எழுதிட்டாங்க. தங்கியிருந்த வீட்டுலயும் அவர் பேரைச் சேர்த்துட்டாங்க. பாராளுமன்றத்துல மட்டும் பேர் வரணும்னு ஒளிஞ்சவர் ரெண்டு இடத்துல வந்துட்டார்!

பழைய பத்திரிகைகள்ல ஊர்க் கதை தேடுறவங்களுக்கு ஒரு எச்சரிக்கை. பிரிட்டிஷ் நியூஸ்பேப்பர் ஆர்கைவ் ஃபைண்ட்மைபாஸ்ட்டோட குடும்பத்துத் தளம்தான், ஆனாலும் தனிச் சந்தா. மேல்மட்டத் திட்டத்துல மட்டும் சேர்ந்து வரும். அங்கயும் 2021-ல இருந்து லட்சக்கணக்கான பக்கங்களைச் சும்மா விட்டிருக்காங்க, அதை முதல்ல மேயலாம். எச்சில் துப்பி அனுப்புற மரபணுச் சோதனை வேற ஒரு செலவு. அதுக்கும் சந்தாவுக்கும் முடிச்சுப் போட்டு வச்சிருக்காங்க. 23அண்ட்மீங்கிற கம்பெனியில இருந்து 2023-ல கிட்டத்தட்ட 69 லட்சம் பேரோட விவரம் திருடு போனதையும், 2025 மார்ச்ல அது திவால் மனு போட்டதையும் ஞாபகம் வச்சுக்கிட்டு அந்தப் பக்கம் போறவங்க போகலாம்.

சரி, இதைப் படிக்கிற தமிழ்க் குடும்பத்துக்கு இந்தச் சந்தாவால பிரயோஜனம் உண்டா?

பெரும்பாலும் இல்லை. இந்தியாவுல கணக்கெடுத்தப்ப எழுதின வீட்டு வாரித் தாள்களை மொத்தம் போட்டு முடிச்சதும் வச்சுக்கல. சுதந்திரத்துக்கு அப்புறம் வந்த 1948 சட்டமும் தனிநபர் விவரத்தை யாரும் பார்க்கக் கூடாதுன்னு சொல்லிடுச்சு. நூறு வருஷம் கழிச்சுத் திறப்போம்ங்கிற பேச்சே கிடையாது. பிறப்பு இறப்புப் பதிவுக்கு நாடு முழுசுக்கும் ஒரே சட்டம் வந்ததே 1969-லதான். விக்கிறதுக்கு அந்தக் கம்பெனிகள்கிட்ட சரக்கே இல்லை. போதாததுக்கு, அவங்க தேடுற முறையே குடும்பப் பேரை வச்சுத்தான். நம்ம ஊர்ல தலைமுறைக்குத் தலைமுறை இனிஷியல் மாறும். அப்பா பேரைக் குடும்பப் பேர்னு போட்டுத் தேடினா, தாத்தாவைத் தேட அவரோட அப்பா பேரைப் போடணும். மென்பொருளுக்கு இது விளங்காது. ஒரே வீட்டு நாலு பேரை நாலு குடும்பமாக் காட்டும்.

விதிவிலக்கு ஒண்ணு ரெண்டு இருக்கு. மதராஸ் மாகாணத்து சர்ச்சுகள் 1698-ல இருந்து ஞானஸ்நானம், கல்யாணம், அடக்கம்னு எழுதி லண்டனுக்கு அனுப்பின நகல்கள் பிரிட்டிஷ் நூலகத்துல இருக்கு. அதுல பெரும் பகுதி ஃபைண்ட்மைபாஸ்ட்ல கிடைக்குது. பெரும்பாலும் வெள்ளைக்காரங்க, ஆங்கிலோ இந்தியர்கள், கொஞ்சம் உள்ளூர் கிறிஸ்தவர்கள். பெரம்பூர், போத்தனூர், பொன்மலைன்னு ரயில்வே காலனிகள்ல வேரு இருக்கிற ஆங்கிலோ இந்தியக் குடும்பத்துக்கு ஒரு மாசச் சந்தா நிச்சயமாத் தகும். அதுக்கு முன்னாடி ஃபிபிஸ்ங்கிற சங்கத்தோட இலவசத் தரவுத்தளத்தை ஒரு தரம் பார்த்துடலாம்.

இன்னொரு கூட்டம், கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலியாக் கப்பல் ஏறினவங்களோட வாரிசுகள். ட்ரூரோங்கிற கப்பல் மதராஸ்ல இருந்து கிளம்பி 1860 நவம்பர் 16 அன்னைக்கு டர்பன் போய்ச் சேர்ந்துச்சு. அதுல இருந்து 1911 வரைக்கும் நேட்டாலுக்குப் போனவங்க 1,52,184 பேர். மூணுல ரெண்டு பங்கு மதராஸ் துறைமுகத்துல ஏறினவங்க. ஒவ்வொருத்தரோட பேர், அப்பா பேர், வயசு, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம்னு கப்பல் வாரியா எழுதியிருக்காங்க. ஊரை விட்டுக் கூலியாப் போனவங்களைப் பத்தி இவ்வளவு விவரமா எழுதின அரசாங்கம், ஊர்லயே இருந்த அவங்க அண்ணன் தம்பியைப் பத்தி ஒரு வரி வைக்கல! இந்தப் பட்டியலுக்குச் சந்தா வேண்டாம். டர்பன்ல பல்கலைக்கழக ஆவண மையம் தொகுத்து இலவசமாக் கொடுத்திருக்கு. மொரீஷியஸ்க்குப் போனவங்களோட பதிவேடுகள் அங்க மகாத்மா காந்தி இன்ஸ்டிட்யூட்ல இருக்கு, நிறைய பேரோட புகைப்படம் கூட ஒட்டியிருக்கும். அது எந்தச் சந்தாத் தளத்துலயும் கிடைக்காது.

தமிழ்நாட்டுலயே இருந்த குடும்பத்துக்கு வழி பீரோவுக்குள்ள இருக்கு. பழைய கிரயப் பத்திரத்தை எடுத்தா முதல் பத்தியிலயே, இன்ன கிராமத்துல இருக்கும் இன்னாருடைய குமாரர் இன்னார்னு வந்துடும். பாகப்பிரிவினைப் பத்திரம்னா அண்ணன் தம்பி எல்லாரும் வரிசையா வருவாங்க, கையெழுத்தோ கைநாட்டோ சேர்த்து. பத்திரம் தொலைஞ்சிருந்தா, எழுதின வருஷமும் நிலம் இருக்கிற கிராமமும் தெரிஞ்சாப் போதும், சார்பதிவாளர் ஆபீஸ்ல மனுப் போட்டு நகல் வாங்கலாம். தேடுற கட்டணம், நகல் கட்டணம் ரெண்டும் உண்டு. கட்டினாக் கட்டினதுதான், அடுத்த மாசம் தானாப் பிடிக்க மாட்டாங்க.